முதல் சீசன் யாருடைய கணக்கு?

"புது மனேஜர் வந்திட்டார் மாமா. முதல் சீசன் எத்தினையாம் இடம் வந்தாக் காணும்?"

இணுவிலில், காங்கேசன்துறை வீதியோரத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்தபோது மருமகன் கேட்டான். எந்தக் கழகம் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. மன்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல், செல்சி என்று எங்கள் ஊர்ப் பெடியளுக்கு இருக்கிற பற்றெல்லாம் அண்ணனிடமிருந்து தம்பிக்கு இறங்கி வருவது. ஓகஸ்ட் பிறந்தால் சனிக்கிழமை இரவுகளில் சண்டை தொடங்கிவிடும். புது மனேஜர் வந்த வருசமென்றால் அந்தச் சண்டைக்குக் காரம் கூட. எந்தக் கழகமானாலும் விடை காணும் வழி ஒன்றுதான். அவன் கேட்டது ஓர் எண். அதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். இன்னொரு பிளேன்ரீக்குச் சொல்லிவிட்டு, "இங்கிலாந்தைப் பிறகு பாப்பம், முதல் சென்னைக்குப் போவம்" என்றேன்.

அவனுக்கு அது பிடிக்கவில்லை. இந்தியன் சூப்பர் லீக்கை அவனும் அவனது கூட்டாளிகளும் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. ஆனால் புது மனேஜரின் முதல் சீசன் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதைச் சென்னையின் எப்.சி. காட்டியதுபோல இங்கிலாந்தின் பெரிய கழகங்கள்கூடக் காட்டியதில்லை.

2017இல் அந்தக் கழகத்துக்கு ஜோன் கிரெகரி வந்தார். ஒரு காலத்தில் அஸ்ரன் வில்லாவை நடத்திய ஆங்கிலேயர். அவருக்கு முன் மூன்று சீசன் இருந்தவர் மார்கோ மற்றராசி; 2006 உலகக்கிண்ண இறுதியில் சிடான் தலையால் முட்டினாரே, அவரேதான். மற்றராசி 2015இல் கிண்ணம் வென்று கொடுத்தார். 2016இல் எட்டு அணிகளில் ஏழாவது இடத்தில் விட்டுவிட்டுப் போனார். ஏழாவதாக வந்த அணியைக் கையேற்றவரிடம் எதை எதிர்பார்க்கலாம்? நாலுக்குள் வந்தால் பெரிய விசயம். கிரெகரி முதல் சீசனிலேயே லீக்கில் இரண்டாமிடம் வந்தார். 2018 மார்ச் 17ஆம் திகதி பெங்களூரில், பெங்களூரு எப்.சி.யின் சொந்த மைதானத்தில் நடந்த இறுதிப்போட்டியில் 3-2 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கினார். முதல் கோல் சுனில் சேத்ரியுடையது. அதன்பிறகு பிரேசில்காரப் பின்கள வீரர் மெயில்சன் அல்வெஸ் தலையால் இரண்டு கோல் போட்டார்; மூன்றாவது ரபாயெல் அகுஸ்தோ. வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேசும் அந்த அணியில் இருந்தார் என்பது எங்களுக்குக் கூடுதல் சந்தோசம்.

"அப்ப நல்ல மனேஜர்தானே?"

பொறு. அடுத்த சீசன், 2018-19. அதே கிரெகரி, அதே கழகம். 18 மட்ச்சில் வென்றது இரண்டு. ஒன்பது புள்ளி. பத்து அணிகளில் பத்தாமிடம்.

ஒரு மனிதனுக்கு ஒரு வருசத்தில் உதைபந்தாட்டம் மறந்துபோகாது. முதல் வருசம் கோப்பை வெல்ல வைத்த மூளைதான் இரண்டாம் வருசம் கடைசியில் நின்றது. மாறியவை வேறு. தலைவராக இருந்த போர்த்துக்கல்காரர் சேரெனோ போய்விட்டார். தனபால் கணேசுக்கு முழங்கால் காயம். கோல் போட்டுக்கொண்டிருந்த ஜேஜேக்குக் கோல் வரவில்லை. இன்னொன்றும் உண்டு, அதை ஒருவரும் கொண்டாட்டத்தின்போது பேசுவதில்லை: கிண்ணம் வென்ற அந்த முதல் சீசனிலேயே லீக் பட்டியலில் பெங்களூரு 40 புள்ளி, சென்னை 32. எட்டுப் புள்ளி இடைவெளி. ஒரே இரவில் நடந்த ஒரு மட்ச் அந்த எட்டுப் புள்ளியை மறைத்துவிட்டது. ரசிகர்கள் இரண்டாவது சீசனுக்குப் போனது அந்த ஓர் இரவின் நினைவோடு. அணி போனது 32 புள்ளியின் பலத்தோடு, அதிலும் மூன்று முக்கிய ஆட்களைக் கழித்து.

கதை இன்னும் முடியவில்லை. 2019 நவம்பர் முடிவில் கிரெகரி பதவி விலகினார். டிசெம்பரில் ஸ்கொட்லாந்துக்காரர் ஓவன் கொய்ல் வந்தார். பட்டியலின் அடியில் கிடந்த அணி சடசடவென்று மேலே ஏறி, நாலாமிடம் பிடித்து, 2020 மார்ச்சில் இறுதிப்போட்டிவரை போனது. கொவிட் காரணமாகப் பார்வையாளர் இல்லாமல் கோவாவில் நடந்த அந்த மட்ச்சில் ஏ.ரி.கே. 3-1 என்று வென்றது. ஆனாலும் கொய்ல் வந்து மந்திரம் போட்டார் என்றுதான் பேச்சு. அந்த மந்திரத்தின் பெரும்பகுதி லித்துவேனியாக்காரர் வால்ஸ்கிஸ் போட்ட 15 கோல்களும் பிரேசில்காரர் கிரிவெல்லாரோவின் இடதுகாலும். இந்த இருவரையும் கழகம் ஒப்பந்தம் செய்தது எப்போது? கிரெகரி மனேஜராக இருந்த காலத்தில்.

மருமகன் தேத்தண்ணியைக் கீழே வைத்தான். இதுதான் நான் சொல்ல வந்த இடம். முதல் சீசனின் புள்ளிப் பட்டியல் புதிதாக வந்தவரின் கணக்கு இல்லை. பெரும்பாலும் அது போனவரின் கணக்கு. மிச்சம் கழகத்தின் கணக்கு. வந்தவரின் கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

எங்கள் பக்கத்துச் செம்மண் காணியை வைத்துச் சொன்னால் இவனுக்குச் சட்டென்று விளங்கும். ஒருவர் பூவரசங்குழை வெட்டித் தாழ்த்தி, எரு போட்டு, கிணற்றையும் இறைத்துத் துப்புரவாக வைத்திருந்த காணியை விட்டுப் போகிறார். அடுத்த வருசம் இன்னொருவர் அதைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் வைக்கிறார். விளைச்சல் அள்ளிக் கொட்டுகிறது. ஊர் முழுக்கப் புதியவரின் கைராசி என்று பேசும். குழை தாழ்த்தியவர் எங்கேயோ இருப்பார். இரண்டாம் மூன்றாம் போகத்திலும் விளைந்தால்தான் அது புதியவரின் கைராசி. இதே காணியை முன்னவர் நாலு வருசம் எருவே போடாமல் உறிஞ்சிவிட்டுக் கொடுத்திருந்தால், எந்தக் கெட்டிக்காரன் வந்தாலும் முதல் போகம் சோகைதான்.

இப்போது இங்கிலாந்துக்குப் போகலாம். அங்கே இந்த இரண்டு வகைக் காணிக்கும் பத்துப் பன்னிரண்டு வருச இடைவெளியில் இரண்டு நல்ல எடுத்துக்காட்டு இருக்கின்றன. இரண்டிலும் போனவர் ஒரு பெரிய மனிதர்.

2013 மே மாதம் அலெக்ஸ் பேர்குசன் 26 வருசத்துக்குப் பிறகு மன்செஸ்டர் யுனைடெட்டை விட்டு விலகினார். அந்த சீசன் 89 புள்ளியோடு சம்பியன். அவர் இடத்துக்கு டேவிட் மொயஸ், ஆறு வருச ஒப்பந்தம். சம்பியன் அணியைக் கையேற்பவர் சம்பியனாகத்தானே வரவேண்டும் என்று உலகம் முழுக்க எதிர்பார்த்தது. இணுவிலும் எதிர்பார்த்தது. வந்தது ஏழாமிடம், 64 புள்ளி. அதுவும் மொயஸ் இருந்து பார்க்கவில்லை. 2014 ஏப்ரல் 22இல் அனுப்பிவிட்டார்கள்.

காணியை உற்றுப் பார்த்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி இல்லை. அந்த சீசனில் கிக்ஸுக்கு 40 வயது நிறைந்தது. பேர்டினண்டுக்கு 35. விடிச், எவ்ரா முப்பதைத் தாண்டியவர்கள். ஸ்கோல்ஸ் ஓய்வு. போதாததற்கு, பேர்குசன் போன அதே கோடையில் கழகத்தின் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் போய்விட்டார். வீரர்களை வாங்கி விற்கிற நுட்பம் தெரிந்தவர் அவர்தான். அவர் இடத்துக்கு வந்த எட் வூட்வேர்டுக்கு அது முதல் கோடை. கடைசி நாளில், 27.5 மில்லியன் பவுணுக்கு பெலெய்னியை வாங்கியதோடு அந்தக் கோடையின் பெரிய வாங்கல் முடிந்தது. பேர்குசனின் கடைசிச் சம்பியன் பட்டம் அந்த மனிதருடைய திறமையின் உச்சம் என்று நான் எப்போதும் சொல்வேன். அந்த அணி வென்றிருக்க வேண்டிய அணியே இல்லை. அந்தத் திறமைதான் மொயஸின் தலையில் கடனாக இறங்கியது.

மற்றது லிவர்பூல். யர்கன் கிளொப் 2024 ஜனவரியிலேயே, சீசன் முடியப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். கழகத்துக்கு நாலைந்து மாதம் தேட நேரம் கிடைத்தது. நெதர்லாந்திலிருந்து ஆர்ன ஸ்லொட் வந்தார். அந்தக் கோடையில் அணிக்குள் வந்த புது ஆள் இத்தாலிக்காரர் கியேசா ஒருவர்தான். அவரும் லீக்கில் ஆடியது சொற்ப நேரம். கேள்விப்பட்ட ரசிகர்கள் தலையில் கைவைத்தார்கள். ஆனால் அங்கே சாலா, வான் டைக், அலிசன் எல்லோரும் இருந்தார்கள். நடுக்களத்தை அதற்கு முந்திய வருசமே கிளொப் புதிதாக்கியிருந்தார். ஸ்லொட் செய்த கெட்டித்தனம், ஓடுகிற வண்டியை நிறுத்தாமல் வேகத்தை மட்டும் கொஞ்சம் அளந்து ஓட்டியது. 84 புள்ளி, நாலு மட்ச் மிச்சமிருக்க, 2025 ஏப்ரல் 27இல் டொட்டன்ஹாமை 5-1 என்று அடித்துச் சம்பியன். முதல் சீசன் கிண்ணம்!

அடுத்த சீசனுக்கு முன் கழகம் அள்ளிக் கொட்டி வாங்கியது: விர்ட்ஸ், எகிடிகே, இசாக். அப்போதுதான் அது ஸ்லொட்டின் சொந்த அணி. 2025 செப்ரெம்பர் கடைசியிலிருந்து லீக்கில் தொடர்ந்து நாலு மட்ச் தோல்வி. ஜூலையில் டியோகோ ஜோட்டா கார் விபத்தில் இறந்த துயரமும் அந்த அணியின் மேல் இருந்தது. அதை எந்தப் பட்டியலிலும் போட்டுக் கழிக்க முடியாது. என்றாலும் முதல் சீசனை வைத்து ஸ்லொட்டை மேதை என்றவர்களே ஒக்டோபரில் அவரைத் துரத்தச் சொன்னதைப் பார்த்தோம். இரண்டு தீர்ப்பும் அவசரத் தீர்ப்பு.

"போனவரின்ரை கணக்கு விளங்குது. கழகத்தின்ரை கணக்கு எண்டியளே?"

சம்பளப் பட்டியல். சைமன் கூப்பர் என்ற பத்திரிகையாளரும் ஸ்டெபான் சிமான்ஸ்கி என்ற பொருளியலாளரும் 2009இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். அதில் இங்கிலாந்துக் கழகங்களின் இருபது வருசக் கணக்கை எடுத்து, வீரர்களுக்குக் கொடுக்கிற சம்பளத்தையும் லீக்கில் பிடித்த இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நீண்டகாலச் சராசரியில், கழகங்களுக்கிடையே உள்ள இட வித்தியாசத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் சம்பளத்தோடு ஒத்துப்போனது. வீரர்களை வாங்கக் கொட்டுகிற விலைகூட அந்தளவுக்கு ஒத்துப்போகவில்லை. அதற்காக மனேஜர் வீண் என்று அர்த்தமில்லை. ஆனால் பத்தாவது கூடிய சம்பளம் கொடுக்கிற கழகம் பத்தாமிடம் வந்தால், மனேஜர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்றுதான் பொருள். லெய்செஸ்டர் 2015-16இல் சம்பியனானதே என்று எல்லோரும் கேட்பார்கள். சீசன் தொடக்கத்தில் அதற்கு 5,000க்கு ஒன்று என்று பந்தயக்காரர் விலை போட்டிருந்தார்கள். 5,000க்கு ஒன்று நடந்ததை வைத்து வீட்டுச் செலவு போடக்கூடாது. அந்த அற்புதத்தைச் செய்த ரனியேரி முதல் சீசனில் கிண்ணம் வென்றார். ஒன்பது மாதத்தில் வேலை போனது.

இனி மருமகனின் எண்ணுக்கு வருவோம். கழகம் கடைசி மூன்று சீசனில் பிடித்த இடங்களைக் கூட்டி மூன்றால் பிரித்துக்கொள். அதுதான் உன் தொடக்கக் கோடு. அதைவிட இரண்டு மூன்று இடம் மேலே வந்தால் புதியவர் நல்லாய்ச் செய்திருக்கிறார். அவன் யுனைடெட் ஆள் என்பதால் 2025 கோடையில் நின்று கணக்குப் போடச் சொன்னேன். 2022-23 மூன்றாமிடம், 2023-24 எட்டு, 2024-25 பதினைந்து. கூட்டினால் 26, பிரித்தால் எட்டரைக்கு மேல். அவன் முகம் சுருங்கியது. "நாங்கள் ஒன்பதாம் இடத்து ரீமோ?" அந்த வருசம் ஓம். சம்பளத்தில் முதல் வரிசை, இடத்தில் ஒன்பது. நடுவிலே இருக்கிற அந்தப் பள்ளம் ஒரு மனேஜர் தோண்டியது இல்லை. மொயஸ், வான் கால், மொரீனியோ, சொல்ஸ்கியார், ரென் ஹாக், அமோரிம் என்று ஆறு பேர், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக ஆட விரும்பியவர்கள். ஒருவருக்காக வாங்கிய வீரன் அடுத்தவருக்குப் பொருந்தவில்லை. பன்னிரண்டு வருசமாக ஆளை மாற்றினார்களே தவிர, ஆளைத் தேர்ந்தெடுக்கிற முறையை மாற்றவில்லை. இது என் தீர்ப்பு. யுனைடெட்காரர் கோபித்தாலும் பரவாயில்லை.

நடு சீசனில் வருபவர்களுக்கு இந்தக் கணக்கும் செல்லாது. அவர்களுக்கு வந்த சீசனை முதல் சீசன் என்று எண்ணவே கூடாது. கிளொப் லிவர்பூலுக்கு வந்தது 2015 ஒக்டோபரில். முடித்தது எட்டாமிடம், இரண்டு இறுதிப்போட்டியில் தோல்வி. அமோரிம் 2024 நவம்பரில் வந்தார்; பதினைந்தாமிடம். எட்டுக்கும் பதினைந்துக்கும் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் இருவருமே இன்னொருவர் தேர்ந்த ஆட்களோடு, பயிற்சிக்கு நாள் கிடைக்காமல் மட்ச்சுக்கு மேல் மட்ச் ஆடியவர்கள்.

இங்கே ஒரு மாயை இருக்கிறது. தொடர்ந்து தோற்கிற கழகம் மனேஜரை நீக்குகிறது, புதியவர் வந்ததும் நாலு மட்ச் வெல்கிறது, பார்த்தீர்களா என்கிறோம். நெதர்லாந்தின் பாஸ் டெர் வீல் என்ற பொருளியலாளர் தன் நாட்டு லீக்கின் 1986 முதல் 2004 வரையான சீசன்களை ஆராய்ந்தார். மனேஜரை நீக்கிய கழகங்களை, அதே அளவு சரிந்தும் நீக்காமல் பொறுத்திருந்த கழகங்களோடு ஒப்பிட்டார். நீக்காதவையும் ஏறக்குறைய அதே வேகத்தில் எழும்பின. காரணம் இலகு. ஒரு கழகம் மனேஜரை நீக்குவது அதன் மிகக் கெட்ட நேரத்தில். கெட்ட நேரத்துக்குப் பிறகு வருவது பெரும்பாலும் வழமையான நேரம். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது யார் மருந்து கொடுத்தாலும் அடுத்த நாள் அவருக்குத்தான் பேர்.

மருமகன் விடவில்லை. "பேர்குசனுக்குப் பொறுமையாய் இருந்தபடியால்தானே எல்லாம் வந்தது?"

உலகம் முழுக்கத் தேத்தண்ணிக் கடைகளில் சொல்லப்படும் கதை இது. பாதி உண்மை. 1986 நவம்பரில் அவர் வந்தபோது யுனைடெட் 22 கழகங்களில் 21ஆவது; முதல் சீசன் முடிவில் 11. இரண்டாவது சீசன் இரண்டாமிடம். ஆகா, வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறகு 11, அதன் பிறகு 13. 1989 டிசெம்பரில், மூன்று வருசமாகச் சாட்டுச் சொன்னது போதும், போய்வா என்ற கருத்தில் ரசிகர் ஒருவர் மைதானத்தில் பதாகை பிடித்தார். 1990 ஜனவரியில் எப்.ஏ. கிண்ணப் போட்டியில் நொட்டிங்ஹாம் பொறெஸ்ட்டுக்கு எதிராக மார்க் ரொபின்ஸ் போட்ட ஒரு கோல் மூச்சுக் கொடுத்தது. அந்த வருசக் கிண்ணமும் வந்தது. லீக் பட்டம் 1993இல்தான்.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் எந்த மனேஜருக்கும் ஏழு வருசம் கொடுக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பிழையான பாடம். பொறுமை காட்டியும் ஒன்றும் வராமல் போன மனேஜர்களின் கதையை ஒருவரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். பேர்குசனுக்கு நேரம் கொடுத்ததற்குக் காரணம் வெறும் பொறுமை இல்லை. பட்டியலுக்குக் கீழே நடந்துகொண்டிருந்த வேலை. இளைஞர் அணியை அவர் அடியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். கிக்ஸ் அப்போது பள்ளிக்கூடப் பெடியன். கழகத்தின் இயக்குநர்களுக்கு அந்த வேலை தெரிந்தது. பதாகை பிடித்தவருக்குத் தெரிய வழியில்லை.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, பட்டியலுக்குக் கீழே என்ன பார்ப்பது என்பதுதான். நான் முதலில் பார்ப்பது, வாங்கிய கோல்கள். புது மனேஜரின் கை முதலில் தெரிவது தற்காப்பில். கோல் போட மேதை வேண்டும், கோல் வாங்காமலிருக்கப் பயிற்சி காணும். மிக்கெல் ஆர்டேற்றா 2019 டிசெம்பரில் ஆர்சனலுக்கு வந்தபின் முடித்த முதல் இரண்டு சீசனும் எட்டாமிடம். இடையில் ஒரு எப்.ஏ. கிண்ணம் கிடைத்ததால் தப்பினார் என்றும் சொல்லலாம். ஆனால் அவருடைய முதல் முழு சீசனான 2020-21இல் லீக்கிலேயே குறைவாகக் கோல் வாங்கிய கழகங்களில் ஆர்சனலும் ஒன்று. எட்டாமிடம் என்ற எண் அதைக் காட்டவில்லை. பின்னால் தொடர்ந்து மூன்று முறை இரண்டாமிடம் வந்த அணியின் அத்திவாரம் அங்கேதான் இருந்தது.

அடுத்தது, இப்போது தொலைக்காட்சியில் ஒவ்வொரு மட்ச்சிலும் காட்டுகிற எதிர்பார்ப்புக் கோல். பெடியள் அதை நக்கலடிப்பார்கள். விசயம் சின்னது. இதே இடத்திலிருந்து இதே மாதிரி அடித்த பழைய அடிகளில் எத்தனை கோலானது என்று எண்ணி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு மதிப்புப் போடுவது. பெனால்டிக்கு ஏறக்குறைய முக்கால். நாற்பது யார் தூரத்திலிருந்து உருட்டிவிட்டதற்கு ஒன்றுமே இல்லாத மாதிரி. ஒரு மட்ச்சுக்கு இது பெரிதாக ஒன்றும் சொல்லாது. பத்துப் பதினைந்து மட்ச் சேர்ந்தால், தோற்றுக்கொண்டிருக்கும் அணி உண்மையில் நன்றாக ஆடுகிறதா, வென்றுகொண்டிருக்கும் அணி அதிர்ஷ்டத்தில் ஓடுகிறதா என்று காட்டிக்கொடுத்துவிடும். மனேஜரின் பேட்டிகளை நான் பார்ப்பதேயில்லை.

ஒரே மனேஜர், வெவ்வேறு காணி என்பதற்கு எங்களுக்குக் கொஞ்சம் பக்கத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. சுவீடனின் வடக்கே ஒஸ்டர்சுண்ட் என்ற நகரத்தில், 2014இல் பிபா அங்கீகாரம் இல்லாத அணிகளுக்கான கொனிபா உலகக்கிண்ணம் நடந்தது. புலம்பெயர்ந்த பிள்ளைகள் சேர்ந்த தமிழீழ அணி அங்கே ஆடியது. அந்த நகரத்துக் கழகத்தின் மனேஜர் அப்போது கிரகம் பொட்டர். 2011இல் அவர் தொடங்கியபோது கழகம் நாலாம் பிரிவில் கிடந்தது. முதல் சீசனிலேயே மூன்றாம் பிரிவு, அடுத்ததில் இரண்டாம் பிரிவு, 2016இல் முதற்பிரிவு, 2017இல் சுவீடன் கிண்ணம், 2018 பெப்ரவரியில் இலண்டனுக்குப் போய் ஆர்சனலை அதன் வீட்டிலேயே 2-1 என்று வென்றது. அந்தப் பொட்டரைத்தான் 2022 செப்ரெம்பரில் செல்சி எடுத்தது. ஜனவரியில் மட்டும் எட்டுப் பேரை ஒப்பந்தம் செய்தது. ஏப்ரல் தொடக்கத்தில் அனுப்பிவிட்டது. ஏழு மாதம்கூட இல்லை. செல்சி ரசிகர்களைக் கேட்டால் பொட்டர் ஒன்றுக்கும் உதவாதவர். ஒஸ்டர்சுண்டில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

"மாமா, எங்கடை நாட்டு ரீமுக்கு ஒருத்தரும் இப்பிடிக் கணக்குப் பாக்கிறேல்லையே?" என்றான் மருமகன். அவன் பகிடியாகத்தான் கேட்டான். எனக்குச் சுருக்கென்றது.

இலங்கை அணியின் பயிற்றுவிப்பாளருக்கு முதல் சீசன் என்று ஒன்று கிடைப்பதே அதிர்ஷ்டம். 2023 ஜனவரியில் பிபா இலங்கையைத் தடைசெய்தது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. அத்தனை மாதமும் சர்வதேச மட்ச் இல்லை. தடை நீங்கிய பிறகும் ஆட்களைச் சேர்த்து வைத்துப் பழக்க வருசத்தில் சில வாரம்தான். அப்படியிருந்தும் 2024 செப்ரெம்பரில் கம்போடியாவைப் பெனால்டியில் வென்று ஆசியக்கிண்ணத் தகுதிச் சுற்றுக்குப் போனது. 2025 ஜூனில் கொழும்பில் சீன தாய்பேயை 3-1 என்று வென்றது. ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வளர்ந்த இலங்கைக் குடும்பத்துப் பிள்ளைகள் வந்து சேர்ந்ததுதான் பெரிய மாற்றம்; சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகனும் அவர்களில் ஒருவர். இந்த வெற்றிகள் நடந்த இரவுகளில் இணுவிலில் எத்தனை பேர் விழித்திருந்தோம் என்று கேட்டால் பதில் சொல்ல வெட்கமாக இருக்கும். லிவர்பூலின் உதிரி ஆட்டக்காரனின் தொடைத்தசை எப்போது சுகமாகும் என்று எங்களுக்கு நாள்கணக்குத் தெரியும்.

ஊர்க் கழகங்களின் நிலை இன்னும் மோசம். ஊரெழு றோயல், நாவாந்துறை சென். மேரிஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங்ஹென்றீசியன்ஸ் என்று வடக்கின் கழகங்கள் மோதும்போது மைதானத்தைச் சுற்றி ஆட்கள் நெருக்கி நிற்கிற காலம் ஒன்று உண்டு. அந்தக் கழகங்களின் ஊர்களில் இன்றைக்கும் உண்டு. இங்கே பயிற்றுவிப்பவர் பெரும்பாலும் அந்தக் கழகத்துக்கே முன்பு ஆடியவர். பின்னேரம் வேலை முடிந்து வந்து பெடியளை ஓடவிடுகிறவர். அவருக்கு சம்பளப் பட்டியலும் இல்லை, கோடைகால வாங்கலும் இல்லை. நல்லாய் ஆடுகிற பெடியன் ஏ.எல். முடித்துவிட்டுக் கனடாவுக்கோ பிரான்சுக்கோ போய்விட்டால், அதுதான் அவருடைய இடமாற்றச் சந்தை. ஆனால் அவருடைய ரீம் ஒரு சுற்றுப்போட்டியில் முதல் மட்ச்சிலேயே வெளியேறினால், கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள் சொல்கிற சொல்லைக் கேட்க முடியாது. பொறுமை பற்றி பேர்குசன் கதை சொல்கிற அதே வாய்கள்.

மருமகனுக்கு நான் சொன்ன விடை இவ்வளவுதான்: ஓகஸ்டில் வந்தவரென்றால் மூன்று சீசன் சராசரியைப் போடு, கிறிஸ்மஸ் வரைக்கும் பட்டியலைப் பார்க்காமல் வாங்கிய கோலைப் பார், நடுவில் வந்தவரென்றால் அடுத்த ஓகஸ்ட் வரைக்கும் வாய் திறக்காதே. அவன் கேட்பானோ தெரியாது.

வாசிக்கிற உங்களிடம் கேட்பது வேறொன்று. அடுத்த முறை துரையப்பா விளையாட்டரங்கில் ஒரு நல்ல மட்ச் இருக்கிறதென்று கேள்விப்பட்டால், சனிக்கிழமை இரவு மட்ச் தொடங்க முன்னம் பின்னேரத்திலேயே அங்கே போய் நில்லுங்கள். கோட்டோரத்தில் தொண்டை கட்டக் கத்திக்கொண்டு நிற்பவர்தான் மனேஜர். இந்த வருசம் எத்தனையாம் இடம் வருவீர்கள் என்று அவரிடமும் தாராளமாகக் கேளுங்கள். அதற்கு முன், பயிற்சிக்கு எத்தனை பந்து இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கேளுங்கள்.